சோறு வெந்துவிட்டது, இலைக்கு வரவில்லை: வீட்டு வைஃபை எப்படி இயங்குகிறது?

ஆலங்காயம் போன்ற மலையடிவாரப் பேரூராட்சிகளிலும் இப்போது ஃபைபர் இணைப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடவே புகாரும் வந்துவிட்டது. “முன்னறையில நல்லா ஓடுது, உள்ளறைக்குப் போனா சுத்துது.” “பகல்ல பிரச்சினை இல்ல, ராத்திரி எட்டு மணிக்கு மேல இழுக்குது.” உடனே பிளானை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100க்கு ஏற்றிவிடுகிறோம். பில் ஏறுகிறது, உள்ளறையில் சுற்றுவது நிற்பதில்லை.

வீட்டு இணையத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கம்பத்திலிருந்து ஒயர் வழியாக ரவுட்டர் வரை தகவல் வந்து சேர்வது ஒன்று. அதைச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரிலிருந்து காற்று வழியாகக் கைபேசிக்கும் டிவிக்கும் போவது இன்னொன்று. அது பரிமாறல். பிளானை ஏற்றினால் பானையில் அரிசிதான் கூடும். பரிமாறுவதில் கோளாறு என்றால் இலை காலியாகவே கிடக்கும். எது பழுது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் பானையைத் திறந்து பாருங்கள்

ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. ஒயர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது கதவிடுக்கில் மடங்கியிருக்கும். ஃபைபருக்குள் கண்ணாடி இழை இருப்பதால் கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை நேராக்கியும் சிவப்பு மாறாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

விளக்கெல்லாம் பச்சையா? மடிக்கணினியை லேன் ஒயரால் ரவுட்டரில் நேராகச் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். மடிக்கணினி இல்லையென்றால் கைபேசியுடன் ரவுட்டர் பக்கத்தில் நின்று அளக்கலாம். பிளானில் சொன்ன வேகம் கிட்டத்தட்ட வந்தால் சமையலில் குறையில்லை. பகலில் ஒரு முறை, இரவு எட்டரைக்கு ஒரு முறை பாருங்கள். ஒயரில் செருகியும் இரவில் மட்டும் வேகம் விழுந்தால் நெரிசல் வெளியே இருக்கிறது. பரவலாக உள்ள ஜிபான் முறையில் நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் கொண்டுவரும் ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தப் புகாரை இணைப்புக் கொடுத்தவரிடம் எழுதிக் கொடுங்கள். ரவுட்டரை மாற்றிப் பயனில்லை.

மின்சாரத்தையும் பாருங்கள். காற்றும் இடியும் உள்ள நாளில் கரண்ட் ஒரு நொடி போய்வந்தாலும் பெட்டி அணைந்து எழும். மறுபடி இணைய ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். ‘நெட் அடிக்கடி கட்டாகுது’ என்ற புகாரில் ஒரு பங்கு இதுதான். அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் பார்த்து அதற்கேற்ற சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்தால் தீர்ந்தது.

ஒரு கரண்டி, பத்து இலை

சமையல் சரி என்றால் பரிமாறலுக்கு வருவோம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது வைஃபையின் அடிப்படை விதி. அந்தச் சேனலில் ரவுட்டர் கையில் இருப்பது ஒரே கரண்டி. ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கிறது. காற்று அமைதியாக இருந்தால் இம்மியளவு நேரம் பொறுத்து அனுப்புகிறது. ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புகிறது.

தூரத்து இலைக்கு மெதுவாகத்தான் ஊற்ற முடியும். அதே 1 மெகாபைட் படத்தை ரவுட்டர் பக்கத்துக் கைபேசி 300 எம்பிபிஎஸ் வேகத்தில் நொடியின் ஒரு சிறு துளியில் வாங்கிவிடும். கடைசி அறையில் 6 எம்பிபிஎஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் கைபேசிக்கு ஒரு நொடிக்கு மேல், அதாவது ஐம்பது மடங்கு நேரம் ஆகும். அதுவரை கரண்டி பெரும்பாலும் அங்கேயே இருக்கும்; ரவுட்டருக்கு அடுத்தே இருக்கும் டிவியும் காத்திருக்கும். பின்னறைப் பிள்ளையின் வீடியோவால் முன்னறை சீரியல் நிற்பது இதனால்தான்.

நீளக் காம்பும் பெரிய அகப்பையும்

இப்போதைய ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் காம்பு நீண்ட சிறு கரண்டி: இரண்டு சுவர் தாண்டியும் எட்டும், அள்ளுவது கொஞ்சம். 5 கிகாஹெர்ட்ஸ் காம்பு குட்டையான பெரிய அகப்பை: நிறைய அள்ளும், அடுத்த அறைக்குள் சோர்ந்துவிடும். ரவுட்டர் அருகிலுள்ள டிவியையும் மடிக்கணினியையும் 5இல் போடுங்கள். தூரத்துக் கைபேசிகளை 2.4இல் விடுங்கள்.

இந்தியாவில் 2.4ஐ உரிமமின்றிப் பயன்படுத்த 2005இல் அனுமதி வந்தது; 5இல் இடம் தாராளமானது 2018இல். 2.4 அலைவரிசையில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றுக்கொன்று 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபை சிக்னலுக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றே. பக்கத்து வீட்டு ரவுட்டர் உங்கள் சேனலிலேயே இருந்தால் பரவாயில்லை. இரண்டும் முறைவைத்துப் பேசிக்கொள்ளும். அது 3இல் இருந்து நீங்கள் 1இல் இருந்தால் அதன் பேச்சு உங்களுக்குப் புரியாத மிக்சி இரைச்சல். ‘சாம்பாரா ரசமா’ என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் இதே அலைவரிசையில், 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். தெருவே வீட்டுக்கு வந்து டிவி போடும் இரவு எட்டு மணிக்கு இழுப்பதன் இன்னொரு காரணம் இங்கே இருக்கிறது. சேனல்களைக் காட்டும் இலவசச் செயலியில் பார்த்து, மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதற்கு மாற்றுங்கள்.

பரிமாறுபவர் எங்கே நிற்கிறார்?

ஃபைபர் நுழையும் இடத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பெரும்பாலும் டிவிக்குப் பின்னால், பரணில், இரும்பு பீரோ ஓரம். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சும், காங்கிரீட் தளமும் பழைய வீட்டுத் தடித்த சுவரும் பாதியைத் தின்னும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். குச்சி ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் அலையைப் பரப்பும். ஒரே தளம் என்றால் செங்குத்தாக நிறுத்துங்கள்.

சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் முன்னும் பின்னுமாக வந்து குழப்புவதைத் தீர்க்க ஒரு முக்கிய வழி கண்டது ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓசல்லிவன் குழு. 1996இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. அதில் பயன்பட்ட அறிவு ரேடியோ வானியலில் பழகியது. ஆனாலும் எதிரொலி முழுதாக ஒழியவில்லை. 2.4இல் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ரவுட்டரை ஒரு அடி நகர்த்தினால் நிலைமை மாறுவது அதனால்தான். அதே செயலியில் சிக்னல் வலிமை மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும், மைனஸ் 80 என்றால் அந்த மூலையில் உட்காராதீர்கள்.

அப்படியும் எட்டாத மாடிக்கு ரிப்பீட்டர் வாங்கத் தோன்றும். மலிவானவை ஒரே கரண்டியால் வாங்கி அதே கரண்டியால் பரிமாறுபவை, வேகம் பாதியாகும். மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பாயின்டாக வைப்பது உறுதியான வழி.

இடத்தின் அருமைக்குச் சான்று பக்கத்திலேயே உண்டு: ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு தொலைநோக்கிக்காக அங்கே தேர்ந்தெடுத்தது ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டை. 1977இல் யுரேனஸின் வளையங்களை அடையாளம் காட்டிய பதிவுகளில் அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியின் பதிவும் ஒன்று. 2.34 மீட்டர் பெரிய கண்ணாடி வந்தது 1986இல். நல்ல இடம் முதலில், பெரிய கருவி பிறகு.

வீட்டிலும் அதே வரிசைதான். விளக்கைப் பாருங்கள், ஒயரில் அளந்து பாருங்கள், ரவுட்டரை நடுவில் வையுங்கள், சேனலை மாற்றுங்கள், தேவைப்பட்டால் ஒயர் இழுங்கள். இதில் முதல் நான்குக்கும் செலவே இல்லை. பிளானை ஏற்றுவது கடைசி.