கடைக்கும் வரி, வீட்டுக்கும் வரி, வாக்கு ஒன்றுதான்

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், லோங் ஐலண்ட் பகுதியில் பலசரக்குக் கடை நடத்தும் என் மச்சான் ஒருவர் 2024 ஜனவரியில் தொலைபேசியில் பேசினார். பாடசாலைகளுக்கான மாநில நிதியைக் கணக்கிடும் முறையை மாற்ற ஆளுநர் கெத்தி ஹோக்குல் யோசனை முன்வைத்திருந்த நேரம். நிறைவேறினால் ஏறத்தாழ பாதிப் பாடசாலை மாவட்டங்களுக்கு உதவி குறைந்திருக்கும். "மே மாதம் வாக்கெடுப்பு வருகிறது. வேண்டாம் என்று போட்டால் வரி கூடாதுதானே?" என்று கேட்டார்.

பாடசாலையின் வரவு செலவுக்கு ஊரார் வாக்களிப்பதா என்று வாசகர்கள் வியக்கலாம். அங்கே ஒவ்வொரு பாடசாலை மாவட்டத்துக்கும் தெரிவு செய்யப்பட்ட ஒரு சபை உண்டு. அது தயாரிக்கும் வரவு செலவுத் திட்டத்தை மே மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மக்கள் வாக்குக்கு விட வேண்டும். நியூயோர்க் நகரம் உட்பட ஐந்து பெருநகரங்களுக்கு மட்டும் இது இல்லை. பணம் பிரதானமாக இரு வழிகளில் வருகிறது. ஒன்று மாநில உதவி. மற்றது வீடு, கடை, காணி மீதான ஆதன வரி, நம்மவர் சோலைவரி என்பது போன்றது.

மச்சானுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. ஒரு மாவட்டத்தின் செலவு 10 கோடி டொலர். மாநிலம் 4 கோடி தருகிறது, ஆதன வரி 5.5 கோடி, ஏனையவை 50 இலட்சம். மாநிலம் தன் பங்கில் பத்தில் ஒன்றை, அதாவது 40 இலட்சத்தை வெட்டுகிறது. அதை முழுதாக வரியால் ஈடுசெய்ய வேண்டுமானால் வரி 7 வீதத்துக்கும் மேல் உயர வேண்டும். ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டம் மொத்த வரி உயர்வை 2 வீதம் அல்லது பணவீக்கம், இரண்டில் குறைந்ததற்குக் கட்டுப்படுத்துகிறது. சில விதிவிலக்குகள் உண்டு. வரம்பைத் தாண்ட 60 வீத வாக்குகள் வேண்டும். 2 வீதம் உயர்த்தினால் கிடைப்பது 11 இலட்சம். மீதி 29 இலட்சத்துக்கு எப்படியும் வெட்டுத்தான்.

மக்கள் "வேண்டாம்" என்றால்? சபை ஜூன் மாதம் இன்னொரு முறை கேட்கலாம். இரண்டாவது முறையும் தோற்றால் வரி முந்திய ஆண்டின் அளவிலேயே நிற்கும். புதிய உபகரணங்கள் வாங்குவது போன்ற செலவுகளுக்கும் தடை வரும். ஆக, வாக்காளர் கையில் இருப்பது அந்த 11 இலட்சம் மட்டுமே. ஆண்டுக்கு 6,000 டொலர் வரி கட்டும் கடைக்காரருக்கு 2 வீதம் என்பது 120 டொலர். ஓர் ஆசிரியருக்குச் சம்பளம், காப்புறுதி எல்லாம் சேர்த்து ஓர் இலட்சம் என்று வைத்தால், 11 இலட்சம் என்பது 11 ஆசிரியர்கள். 40 இலட்சத்தை வெட்டிய மாநிலத் தலைநகருக்கு அந்த "வேண்டாம்" போய்ச் சேர்வதில்லை. இதுதான் இந்த முறையில் எனக்குப் பிடிக்காத இடம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மாநிலத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டமோ அடிக்கடி தாமதிக்கும். 2010இல் அது ஆகஸ்ட் மாதத்தில்தான் முடிந்தது. மக்கள் மே மாதமே வாக்களித்துவிட்டார்கள். அந்த ஆண்டுதான் மாநிலம் தன் துண்டுவிழும் தொகையைச் சரிக்கட்ட பாடசாலைகளின் பங்கில் 200 கோடி டொலருக்கும் மேல் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடித்தம் முற்றாக நீங்க 2016 ஆயிற்று.

அதற்காகச் சபை கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திட்டத்தை நிர்வாகம், கற்பித்தல், மூலதனம் என மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். நிர்வாகப் பகுதி எவ்வளவு கூடியிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அடுத்தது கையிருப்பு. ஒதுக்கப்படாத மிகுதியாக அடுத்த ஆண்டுச் செலவின் 4 வீதம் வரை வைத்திருக்க இடமுண்டு. 10 கோடியில் அது 40 இலட்சம். அதைத் தொடாமல் வகுப்பறையை வெட்டுகிறார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கையிருப்பு ஒருமுறைதான் கைகொடுக்கும். முதலை எடுத்துச் சாப்பிட்டால் என்னவாகும் என்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாக்களிக்க அமெரிக்கப் பிரஜையாக, 18 வயது நிரம்பியவராக, அந்த மாவட்டத்தில் 30 நாட்களாவது வசிப்பவராக இருக்க வேண்டும். சொத்து இருக்கத் தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் வாக்களிக்கலாம். ஆனால் கடை மட்டும் வைத்திருப்பவருக்கு வாக்கில்லை. வாடகைக் கடை என்றாலும் வரியிலிருந்து தப்புவது கடினம், பல ஒப்பந்தங்களில் ஆதன வரி வாடகைக்காரர் தலையில்தான் விழும். மச்சானின் வீடு ஒரு மாவட்டத்தில், கடை இன்னொன்றில். இரண்டுக்கும் வரி கட்டுகிறார். கடை இருக்கும் மாவட்டத்தில் அவர் சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம், அவ்வளவுதான்.

ஆளுநரின் அந்த யோசனையை மாநிலச் சட்டசபை 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. மே 21இல் மச்சான் தன் வீட்டு மாவட்டத்தில் வாக்களித்தார். எப்படிப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடை மாவட்டத்தின் கையிருப்பு விபரத்தை மட்டும் எனக்கு அனுப்பி, "இதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.