களியாட்டப் பூங்கா விபத்துக்களும் பத்திரிகைகளின் கடமையும்

அச்சத்தை விரும்பித் தேடிச் செல்லுதல் மனித இயல்புகளுள் விந்தையான ஒன்றாகும். உயரத்தினின்று வீழ்தலும் தலைகீழாகச் சுழலுதலும் இயற்கையில் உயிருக்கு இறுதி பயப்பன. அவற்றையே கட்டணம் செலுத்தி இன்பமாக நுகர்வதற்கென எழுந்தவை களியாட்டப் பூங்காக்கள். ஆண்டு விற்கப்படும் பொருள் ஆபத்தின் சாயலேயாம். ஊர்தியில் அமர்ந்தவன் அஞ்சலாம். ஆயின் அவன் அஞ்சுதற்குரிய உண்மைக் காரணம் யாதும் இருத்தலாகாது. எழுதப்படாத இவ்வுடன்படிக்கை மீறப்படும்போது உண்டாகும் விபத்துக்கள் எவ்வாறு நிகழ்கின்றன என்பதும், அவற்றைப் பத்திரிகைகள் உலகுக்கு எவ்வாறு உரைக்கின்றன என்பதும் ஒருங்கே ஆராயத்தக்கன.

1884ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் லாமார்க்கஸ் தொம்சன் என்பார் அமைத்த பாதையில் வண்டிகள் மணிக்கு ஏறத்தாழ 6 மைல் வேகத்திலேயே ஓடின. இக்காலத்து ஊர்திகள் பல அதனிற் பத்து மடங்கிற்கு மேற்பட்ட வேகமுடையன. ரோலர் கோஸ்ரர் எனப்படும் இவ்வூர்தியைச் சங்கிலியோ கயிறோ முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்லும். ஆங்குப் பெற்ற நிலைச்சத்தி, கீழிறங்குங்கால் இயக்கச்சத்தியாக மாறி வண்டியை எஞ்சிய பாதை முழுவதும் செலுத்தும். இடைவழியில் அதனை நடத்தும் சாரதி பெரும்பாலும் இல்லை. ஆதலின் அதன் காப்பு முழுவதும் முன்கூட்டியே அமைந்த பொறிகளைச் சார்ந்தது.

அப்பொறிகளுள் மூன்று தலையாயவை. மேடேறும் வண்டி பின்னோக்கி உருளாவண்ணம், தேர்ச்சில்லுக்கு இடும் முட்டுக்கட்டையைப் போன்று, பற்சட்டத்திற் கொளுவும் தடைப்பொறி ஒன்று. பாதையின் கீழ்ப்புறத்தைப் பற்றியோடி, வண்டி மேலெழும்பாது காக்கும் அடிச்சில்லு மற்றொன்று. ஜோன் மில்லர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1919இல் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். மூன்றாவது, புகையிரதத் துறையினின்று பெறப்பட்ட பகுதிமுறை. பாதை பல பகுதிகளாக வகுக்கப்பட்டு, முன்செல்லும் வண்டித்தொடர் ஒரு பகுதியை விட்டு நீங்கினாலன்றிப் பின்வருவது அதனுட் புகாதவாறு தடுக்கப்படும். இக்காப்புக்கள் கெடும்போது, அன்றி மனிதனாற் புறக்கணிக்கப்படும்போது, விளைவது யாதென்பதைச் சில நிகழ்ச்சிகள் காட்டும்.

இலண்டன் மாநகரின் பற்றசீ பூங்காவில் 1972 மே 30ஆம் நாள், மரத்தாலமைந்த பாதையில் மேலேறிக்கொண்டிருந்த வண்டித்தொடர் இழுவைக் கயிற்றினின்றும் விடுபட்டது. பின்னோட்டத்தைத் தடுத்திருக்க வேண்டிய பொறி பயன்படவில்லை. பின்னோக்கி விரைந்த வண்டி பாதையை விட்டு விலகியதாற் சிறுவர் ஐவர் உயிர் நீத்தனர். யப்பானில் ஒசாக்காவை அடுத்த எக்ஸ்போலாந்துப் பூங்காவில் 2007 மே 5ஆம் நாள் ஊர்தியொன்றின் அச்சு முறிந்து ஒருவர் இறந்தார். 19 பேர் காயமுற்றனர். உலோகம் நாட்செல்லச் செல்லக் களைப்புற்று நலிவதே முறிவின் காரணம். அவ்வச்சு 15 ஆண்டுகளாக மாற்றப்படாதிருந்தது. முன்னதிற் காப்புப்பொறி பயன்படாதொழிந்தது. பின்னதில் மூப்படைந்த உறுப்பு கவனிப்பின்றி விடப்பட்டது.

பொறி பழுதுறாமலே விபத்து நேர்தலும் உண்டு. இங்கிலாந்தின் ஆல்ற்றன் ரவர்ஸ் பூங்காவில், 14 முறை தலைகீழாகச் சுழலும் ஸ்மைலர் என்னும் ஊர்தியில், 2015 யூன் 2ஆம் நாள் நிகழ்ந்தது இவ்வகையினது. சோதனைக்காக விடப்பட்ட வெற்று வண்டித்தொடர் ஒன்று போதிய வேகமின்றிப் பாதையிலே தங்கிற்று. அதனை உணர்ந்த கட்டுப்பாட்டுக் கருவி, 16 பேருடன் பின்வந்த தொடரை நிறுத்தியது. ஆயின் பாதையில் வண்டி நிற்பதை அறியாத ஊழியர், கருவியே பிழைபட்டதென எண்ணித் தடையை நீக்கி வண்டியைச் செல்லவிட்டனர். மோதலின் விளைவாக இளம்பெண்கள் இருவர் தத்தம் கால் ஒன்றை இழந்தனர்.

அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இதனை மனிதத் தவறு என்றது. பத்திரிகைகளும் அத்தொடரையே தலைப்பாக்கின. 2016 செப்ரெம்பரில் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண் தண்டம் விதித்தபோது வேறொரு தோற்றம் புலப்பட்டது. தடையை நீக்குமுன் செய்ய வேண்டுவன யாவை, பாதையில் எத்தனை வண்டிகள் உள்ளனவென்பதை உறுதிப்படுத்துவது எவ்வாறு என்பன பற்றிச் செவ்விய ஒழுங்கு ஊழியருக்கு வகுத்தளிக்கப்படவில்லை. தவறிய கை ஊழியருடையதாயினும், அக்கையைத் தவறவிட்டது நிறுவனத்தின் ஒழுங்கீனமே என்பது வழக்கின் முடிவாயிற்று.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துள்ள டிறீம்வேள்ட் பூங்காவில் 2016 ஒற்றோபர் 25ஆம் நாள் நேர்ந்ததும் இதனையே வலியுறுத்தும். 1986இல் திறக்கப்பட்ட அந்நீரோட்ட ஊர்தியிற் பெருநீரிறைப்பான் ஒன்று நின்றது. அன்று அது நின்றது மூன்றாம் முறை. நீர்மட்டம் விரைந்து தாழ, வட்டப்படகு ஒன்று இரும்புச் சட்டங்களின்மேற் சிக்கியது. படகுகளை மேலேற்றும் நகரும் பட்டி நில்லாது இயங்கியதால், அறுவரை ஏற்றிய மற்றொரு படகு அதனோடு மோதி மேலெழுந்தது. நால்வர் இறந்தனர். அப்பொறியை இயக்கியோருள் ஒருவருக்கு அப்பணியில் அதுவே முதல் நாள். இதனைக் கேட்ட மாத்திரத்தே பழி எவர்மேற் சாரும் எனக் கூறவும் வேண்டுமோ? ஆயின் மரண விசாரணை அதிகாரி 2020 பெப்ருவரியில் வெளியிட்ட முடிவுகள் ஊழியரைக் குற்றங்கூறவில்லை. நீர்மட்டம் தாழ்ந்ததும் இயக்கத்தைத் தானே நிறுத்தவல்ல, செலவு குறைந்த உணர்கருவி ஒன்று பொருத்தப்படாமையையும், காப்பு மேற்பார்வையின் சீர்கேட்டையுமே அவை சுட்டின. வெற்றுப் படகுகள் மோதிய நிகழ்ச்சி ஒன்று 2001இலேயே அவ்வூர்தியில் நேர்ந்திருந்தது. அவ்வெச்சரிக்கை பயன்படவில்லை. 2020 செப்ரெம்பரில் நிறுவனத்துக்கு 36 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

இவற்றால் அறியக் கிடப்பது யாதெனின், யார் தவறினார் என்னும் வினாவினும், ஒருவரின் தவறு உயிரைக் கவரும்வரை செல்ல இடங்கொடுத்தது எது என்னும் வினாவே பயனுடையது என்பதாம். மனிதன் தவறும் இயல்பினன். அவன் தவறுவான் என்பதை முன்னரே கணக்கிற்கொண்டு அமைப்பதே காப்பு.

பத்திரிகைகளோ முதல் வினாவையே முதலிற் பற்றிக்கொள்கின்றன. விபத்து நிகழ்ந்த சில நாழிகைக்குள் கைப்பேசிப் படங்களும் கண்டோரின் அலறலும் உலகெங்கும் பரவுகின்றன. உயரமும் வேகமும் தலைப்பாகின்றன. காரணத்தை ஆராய்தற்கோ ஆண்டுகள் வேண்டும். டிறீம்வேள்ட் விபத்துக்கும் மரண விசாரணை முடிவுக்கும் இடையே மூன்றாண்டுகளுக்கு மேற் கழிந்தன. உண்மை வெளிப்படும் வேளையில் வாசகரின் கவனம் வேறெங்கோ சென்றுவிடுகிறது. முதல் நாளிற் படிந்த தீர்ப்பே நெஞ்சில் நிலைக்கிறது. ஸ்மைலர் விபத்தின்பின் நிறுவனத் தலைவரைத் தொலைக்காட்சியிற் கடுமையாக வினவிய ஓர் அறிவிப்பாளருக்கு எதிராக ஆயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் ஒலிபரப்புக் கண்காணிப்புச் சபைக்குச் சென்றன. சபை விசாரணை தொடங்கவில்லை. விபத்தைப் பற்றிய பேச்சு, வினவியவரைப் பற்றிய பேச்சாகச் சிலகாலம் திரிந்தது.

எனினும் பத்திரிகைகளின் பணியை இகழ்தல் தகாது. டிறீம்வேள்ட் விபத்தின் இரண்டாம் நாள், நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்குரிய பெருந்தொகைக் கொடுப்பனவைப் பற்றி வினவி, பொதுமக்களின் மனச்சாட்சியை எழுப்பியோர் பத்திரிகையாளரே. அவ்விபத்தையும் அதே மாதத்திற் பிறிதோரிடத்து நேர்ந்த தொழிலிட மரணங்களையும் ஒட்டி நடந்த மீளாய்வின்பின், தொழிலிடத்து மனிதக்கொலை என்னும் புதிய குற்றத்தைக் குயின்ஸ்லாந்துச் சட்டம் 2017இல் ஏற்றது. அமெரிக்காவிலோ, நிலையான பூங்காக்களின் ஊர்திகளை ஆராயும் அதிகாரத்தை நடுவணரசின் நுகர்பொருட் காப்பு ஆணையத்திடமிருந்து 1981இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நீக்கியது. இடம்விட்டு இடம் செல்லும் ஊர்திகள் மாத்திரமே அதன் ஆட்சியில் எஞ்சின. மாநிலந்தோறும் விதிகள் வேறுபடும் அத்தகைய நாட்டில், ஓரூரில் நேர்ந்த விபத்தை மற்றோர் ஊரார் அறிவதற்குப் பத்திரிகைச் செய்தி பெருந்துணையாகின்றது. பொறி ஒன்று ஓரிடத்திற் காட்டிய குறை, அதுபோன்ற பொறியுள்ள பிற இடங்களுக்கெல்லாம் எச்சரிக்கையன்றோ?

ஆகவே, பத்திரிகைகளை வேண்டுவது மௌனமன்று, பொறுமையே. விபத்தன்று முதற்பக்கத்தில் எழுதிய பத்திரிகை, விசாரணை முடிவு வெளிவரும் நாளில் மீண்டும் முதற்பக்கத்தில் எழுதுதல் வேண்டும். இளம் ஊழியர் ஒருவர்மேற் பழி விழ இடங்கொடுத்த பத்திரிகை, அவர் குற்றமற்றவர் எனத் துணியப்பட்டவிடத்து அதனையும் அதே அளவான எழுத்திற் பொறித்தல் வேண்டும். வாசகருக்கும் இதிற் பங்குண்டு. அலறலை வாசித்தவர் ஆய்வையும் வாசிப்பாராயின், பத்திரிகைகள் அதனை எழுதத் தவறா. அங்ஙனம் எழுதியும் வாசித்தும் பெறும் அறிவே, அடுத்த பூங்காவில் இருக்கை வாரைப் பூட்டிக்கொண்டு சிரித்தவண்ணம் அமரும் குழந்தையின் காப்பாக அமையும்.