உஷார்! அந்தப் பொலித்தீன் பைக்குள் இருப்பது யார்?

பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது என்று இரண்டடிக் கண்ணாடித் தொட்டியையும், பொலித்தீன் பைகளில் ஐந்தாறு வகை மீனையும் ஒரே நாளில் வாங்கி வருகிறவர்களே, பையை அவிழ்க்க முதல் இதை வாசியுங்கள். இரண்டு கப்பி, இரண்டு கோல்ட் பிஷ், ஒரு ஏஞ்சல், ஒரு பைற்றர், நாலு ரைகர் பார்ப், கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன ஒரு ராங்க் கிளீனர். பார்க்க வடிவுதான். ஆனால் இந்தக் கூட்டம் ஒன்றாக அதிக நாள் இருக்காது. ஒன்றின் செட்டையை மற்றது கடிக்கும், ஒன்றின் வாய்க்குள் மற்றது போகும். கடைசியில் மிஞ்சுவது அநேகமாக ராங்க் கிளீனர் மட்டும். பிறகு அதுவே பெரிய தலையிடியாகும்.

எந்த மீன் எதனோடு சேரும் என்ற பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். அவற்றில் அநேகமானவை யாழ்ப்பாணத்துக் கிணற்றைக் காணாதவர்கள் எழுதியவை. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பாருங்கள், உங்கள் தண்ணீரின் குணம் தெரியும். இலங்கைக் குடிநீர்த் தரநிலை கடினத்தன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. இங்கே பல கிணறுகள் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன.

இந்தத் தண்ணீருக்குள் நியோன் ரெட்ராவைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அமேசன் காட்டில், இலை ஊறிக் கறுத்த மென்மையான தண்ணீரில் வாழ்கிற மீன் அது. கடைத் தொட்டியில் மின்னிக்கொண்டு நிற்கும். உங்கள் வீட்டுக்கு வந்ததும் நிறம் மங்கும், தீன் எடுக்காது, ஒவ்வொன்றாக மிதக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டுவீர்கள். அவர் மீது பிழை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிப் பிழை கிணற்றில் இருக்கிறது.

‘அப்படியென்றால் இலங்கை மீனையே வளர்ப்போம், அதற்கு எங்கட தண்ணி பழக்கம்தானே’ என்று நினைக்கிறவர்களும் உஷார். செரி பார்ப், கறுப்பு ரூபி பார்ப் என்ற அழகான இரண்டு மீன்களும் இலங்கைக்கே உரியவை, உலகமெங்கும் பெயர் பெற்றவை. ஆனால் அவற்றின் ஊர் தென்மேற்கு ஈரவலயம். மழைக்காட்டு நிழலில் ஓடும் மென்மையான ஓடைத் தண்ணீர் அது. தொட்டியில் பெருக்கிய குஞ்சுகள் கடின நீருக்கு ஓரளவு பழகும். அதை நம்பிப் புதுத் தொட்டியைத் தொடங்க வேண்டாம்.

எங்கள் தண்ணீருக்கென்றே பிறந்தவை போன்ற மீன்களும் இருக்கின்றன: கப்பி, மொலி, பிளாற்றி, சுவோட்ரெயில். எல்லாம் குட்டி போடும் இனம், எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் பிடிக்கும். கப்பிக்கு எங்கள் பக்கத்துக் கிணறுகள் புதிதுமல்ல. 2016 செப்ரெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வருடம் முடிவதற்குள் மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புது நுளம்பு அகப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும் நுளம்பு அது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். அந்த நுளம்பின் குடம்பிகளைத் தின்னக் கிணறுகளுக்குள் விடப்பட்ட மீன் இந்தக் கப்பிதான். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கிணறு சவராக இருப்பவர்களுக்கு மொலி உகந்தது. உவர் கலந்த நீரிலும் அது வாழும்.

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து அங்கே பல கிணறுகளில் நைத்திரேற்றை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லைக்கு மேலே கொண்டுபோயிருக்கின்றன. மீன்தொட்டியில் கழிவு கூடினால் தண்ணீரை மாற்று என்பார்கள். மாற்றுகிற தண்ணீரிலேயே நைத்திரேற்று நிறைந்திருந்தால் எத்தனை வாளி ஊற்றியும் குறையாது. ஆகவே இப்படியான இடத்தில் மீனின் தொகையைப் பாதியாக்குங்கள். குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட வீட்டுக்காரர்களும் கவனம். 2024இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீருக்கும் பழைய கிணற்றுத் தண்ணீருக்கும் குணம் வேறு. குழாய் நீரில் குளோரினும் இருக்கும். கிணற்று நீரில் பழகிய தொட்டியை ஒரே நாளில் குழாய் நீருக்கு மாற்றாதீர்கள். ஒரு நாள் வாளியில் காற்றுக் கொடுத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள்.

அடுத்த கண்ணி, மீனின் வயது. கடையில் இரண்டு அங்குலமாக நிற்பது அநேகமாகக் குஞ்சு.

“அண்ணை, இது பெரிசாகுமோ?”

“இல்லைத் தம்பி, தொட்டியின்ரை அளவுக்குத்தான் வளரும்.”

இந்தப் பதிலை நம்பவே கூடாது. தொட்டியின் அளவுக்கு மீன் வளராது. இடமில்லாத மீன் கூனி, நோய்ப்பட்டு, வயதுக்கு முன்னமே சாகும். ‘ஷார்க்’ என்று விற்கும் வெள்ளிநிற மீன் மீகொங் ஆற்றுக் கெளிறு. ஒரு மீற்றருக்கு மேல் வளரும். ஒஸ்கார் ஒரு அடி. ராங்க் கிளீனர் ஒன்றரை அடிவரை போகும், அதற்குள் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, துடைத்ததைவிட அதிகமாகக் கழிக்கத் தொடங்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி கணக்குக்கு 56 லீற்றர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லீற்றர்தான் தேறும்.

கோல்ட் பிஷ்ஷைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். கடின நீர் அதற்குப் பிரச்சினையில்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீர் மீன் அது. சித்திரை வெயிலில் எங்கள் தொட்டி 30 பாகையைத் தாண்டும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். அதே நேரம் மீனுக்கு அது கூடுதலாகத் தேவைப்படும். போதாததற்குக் கோல்ட் பிஷ் தின்பதும் கழிப்பதும் அதிகம். கப்பியோடு அதைச் சேர்ப்பது வீண்வேலை.

மற்றவற்றின் குணத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். இரண்டு ஆண் பைற்றர் ஒரே தொட்டியில் என்றால் ஒன்று சாகும். கப்பியின் நீண்ட வாலைக் கண்டால் எதிரி என்று பைற்றர் அதனோடும் மல்லுக்கட்டும். ரைகர் பார்ப் மற்றவற்றின் செட்டையைக் கொத்தும், மூன்று நாலாக வாங்கினால் இன்னும் மோசம். ஏஞ்சல் சின்னதாக இருக்கும்வரை சாது. வளர்ந்த பின் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும்.

தண்ணீரும் குணமும் சரியாக இருந்தாலும் அவசரம் கெடுத்துவிடும். புதுத் தொட்டியில் மீனின் கழிவு அமோனியாவாக மாறும். அதை உடைக்கும் பற்றீரியா பில்டரின் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை செல்லும். காரத் தன்மை கூடிய தண்ணீரில் அமோனியா இன்னும் கொடியது: pH 7இல் இருந்து 8க்கு ஏறினால் அதன் நச்சுப் பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்கு கூடும். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் 7க்கு மேல் நிற்பதே வழக்கம். முதல் நாளே இருபது மீன் விட்டவர் அந்தக் கிழமைக்குள் பத்தைப் புதைப்பது இதனால்தான். பழைய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஊறிய பில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதற்கு இணையான மருந்து கடையில் இல்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் மறக்க வேண்டாம். காற்று மோட்டார் நின்றால் முதலில் திணறுவது நெருக்கமாக மீன் விட்ட தொட்டிதான்.

சரி, என்னதான் விடுவது? இரண்டடித் தொட்டிக்கு என் தீர்ப்பு இது. முதலில் மூன்று பிளாற்றி, ஒரு மாதம் பொறுத்து ஐந்தாறு ஆண் கப்பி. அதோடு போதும். ஏன் ஆண் கப்பி மட்டும் என்றால், கடையில் வாங்கும் பெண் கப்பி அநேகமாக வயிற்றில் குட்டியோடுதான் வரும். ஒரு தடவை சேர்ந்த ஆணின் விந்தைச் சேமித்துவைத்து மாதக்கணக்கில், ஏறக்குறைய நாலு கிழமைக்கு ஒருக்கால், குட்டி போடும். பிளாற்றியில் ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் ஒரு ஆணுக்கு இரண்டு பெண் விடுங்கள். இல்லாவிட்டால் ஆண் துரத்தித் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும்.

கடைசி எச்சரிக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது. வளர்ந்துவிட்ட மீனைக் கொல்ல மனமில்லாமல் குளத்தில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்புக்கு அருகே பெல்லன்வில–அத்திடிய சதுப்பில் அலங்கார மீனாக வந்த கத்திமீன் பெருகி, உள்ளூர் மீன்களைத் தின்கிறது. தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் இராட்சத விரால் பெருகியதால் 2025இல் தூண்டில்காரர்களைப் போட்டிக்குக் கூப்பிட வேண்டி வந்தது. அதுவும் அலங்கார மீனாகவே நாட்டுக்குள் வந்ததாகக் கருதப்படுகிறது. எங்களுடைய குளங்கள் சிறியவை, கோடையில் ஒடுங்குபவை. ராங்க் கிளீனரோ ஒஸ்காரோ வேண்டாமென்றால் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காமல் கொடுங்கள். ஆரியகுளத்திலோ கோயில் கேணியிலோ ஊர்க் கிணற்றிலோ தயவுசெய்து விடாதீர்கள்.