கை வைத்தாலே கொட்டும் சுவர்ப்பூச்சு: உங்க வீட்டை டெஸ்ட் செய்வது எப்படி?

தொப்பூர் மாதிரி ஊர்களில் லோன் போட்டு, நகையை அடகு வைத்துத்தான் பலரும் வீடு கட்டுகிறார்கள். கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு மழைக்காலம் போனதும் சுவர் பொரிய ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா சரியாகிடுமா? ஆகாது. முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

புளியந்தோப்பில் என்ன நடந்தது?

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பு தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. அப்போதைய குடிசை மாற்று வாரியம் புதிதாகக் கட்டிய வீடுகள் அவை. சுவரைக் கையால் தேய்த்தாலே பூச்சு கொட்டுவதைக் குடியிருப்புவாசிகள் வீடியோ எடுத்துக் காட்டினார்கள். விவகாரம் சட்டப்பேரவை வரை போனது. பொறியாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர். கட்டடத்தை ஆய்வு செய்யும் பொறுப்பு சென்னை ஐஐடியிடம் கொடுக்கப்பட்டது. பூச்சு தரமாக இல்லை என்பது ஆய்வில் உறுதியானது.

பூச்சு ஏன் உதிர்கிறது?

* சிமென்ட் குறைவாக, மணல் அதிகமாகக் கலப்பது
* மணலில் களிமண், கிரஷர் தூசி அதிகம் இருப்பது
* செங்கல்லில் அல்லது போர் தண்ணீரில் உப்பு இருப்பது
* கலவை இறுகத் தொடங்கிய பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்துவது
* பூசிய சுவரை குறைந்தது 7 நாள் நனைக்காமல் விடுவது

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

ஆணி சோதனை: பூசி ஒரு மாதம் ஆன சுவரில் ஆணியால் கீறுங்கள். லேசான கோடு விழுந்தால் பரவாயில்லை. மணல் மணலாகக் கொட்டினால் கலவை பலமில்லை.

தட்டும் சோதனை: நாணயத்தால் சுவரைத் தட்டுங்கள். 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் பூச்சு செங்கல்லைப் பிடிக்கவில்லை. சீலிங்கில் அப்படிச் சத்தம் வந்தால் அதன் கீழே தொட்டில் கட்டாதீர்கள், கட்டில் போடாதீர்கள்.

பாட்டில் சோதனை: இது வீடு கட்டிக் கொண்டிருப்பவர்களுக்கு. கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு ஆற்றுமணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி 3 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே படியும் வண்டலின் உயரம், மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம். எம்-சாண்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு ஆய்வகச் சலிப்புச் சோதனைதான் சரி.

செங்கல் சோதனை: காய்ந்த செங்கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து மீண்டும் எடை போடுங்கள். சாதாரண செங்கல்லின் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. 3 கிலோ செங்கல் 3.6 கிலோவைத் தாண்டினால் வேண்டாம்.

ஆய்வகத்துக்கு எப்போது போகணும்?

பூச்சு மட்டும் உதிர்ந்தால் கட்டடமே விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தாலோ, தூணிலும் பீமிலும் விரிசல் வந்தாலோ உடனே பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். கான்கிரீட்டின் வலுவை உடைக்காமலே தோராயமாகப் பார்க்க 'ரீபவுண்ட் ஹேமர்' என்ற கருவி இருக்கிறது. பூச்சைப் பெயர்த்துக் கொடுத்தால் அதில் எவ்வளவு சிமென்ட் கலந்திருக்கிறது என்பதையும் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கலாம். தண்ணீரையும் சோதியுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

தொப்பூர்க்காரர்களுக்கு செட்டிக்கரையிலும், சேலம் போகும் வழியில் கருப்பூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அங்குள்ள சிவில் துறையில் விசாரிக்கலாம்.

ஜிப்சம் சீலிங் போட்டவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு சீனாவிலிருந்து இறக்குமதியான ஜிப்சம் பலகைகள் பல வீடுகளில் பொருத்தப்பட்டன. அவற்றில் சில கந்தக வாயுவைக் கக்கின. அழுகிய முட்டை நாற்றம், கறுத்துப்போன தாமிர வயர், அடிக்கடி பழுதாகும் ஏசி ஆகியவைதான் அடையாளம். இதே அறிகுறிகள் உங்கள் வீட்டில் தெரிந்தால், எலக்ட்ரீஷியனை வைத்து சுவிட்ச் போர்டைத் திறந்து வயரைப் பாருங்கள். முதலில் சாக்கடை நாற்றமா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

யாரிடம் புகார் செய்வது?

ரெராவில் பதிவான அடுக்குமாடி வீடு என்றால், சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறையை பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். கான்ட்ராக்டர் வைத்துக் கட்டிய தனி வீடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு 2 ஆண்டு கெடு உண்டு. ஒப்பந்தம், பில், தேதியோடு எடுத்த போட்டோ, ஆய்வக ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். இதையெல்லாம் சேர்த்து வைக்கும் முன் அவசரப்பட்டு சுவரைப் பூசிவிட்டால் ஆதாரமும் உள்ளே போய்விடும்.