திருப்பத்தில் ஒரு "டக், டக்"

சில வாரங்களாக நமது பழைய மோட்டார் வண்டி ஒரு புது வழக்கம் கற்றுக்கொண்டிருந்தது. நேர்ச் சாலையில் வாய் திறவாது. தெருமுனையில் திரும்பினாலோ, முன்சக்கரத்தருகே "டக், டக், டக்" என்று சப்தமிடும். வாரம் இருமுறை தாயாரைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது அந்த வண்டியில்தான். ஆகவே அதை அலட்சியம் செய்ய நமக்கு மனம் வரவில்லை.

முதலில் பார்த்த மெக்கானிக், "இடது பக்கத்துப் பூட் கிழிந்திருக்கிறது. வேறு மாட்டிக் கிரீஸ் அடைத்தால் போதும், ஸார்" என்றார். இரண்டாமவரோ, "ஆக்ஸிலையே மாற்ற வேண்டும்" என்றார். முன்னது சொற்பச் செலவு. பின்னது ஓர் உபாத்தியாயர் வீட்டு மாதக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். யார் சொல்வது சரி?

மாட்டு வண்டியின் இருசு அசையாமல் பாரத்தைத் தாங்கும். சக்கரம் அதன்மேல் சுழலும். முன்சக்கரங்களால் ஓடும் மோட்டாரின் ஆக்ஸிலோ தானே சுழன்று எஞ்சினின் சக்தியைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சக்கரம் திரும்பும்போது வளைந்தும் கொடுக்க வேண்டும். அதற்காக அதன் இரு நுனியிலும் ஸி.வி. ஜாயின்ட் எனப்படும் மூட்டுகள் இருக்கின்றன. சக்கரத்தை ஒட்டிய மூட்டில், எஃகுக் கிண்ணத்தினுள் ஆறு குண்டுகள் தத்தம் பள்ளங்களில் உருளும். ஆல்பிரெட் ஷெப்பா என்னும் எஞ்சினீயர் 1926-இல் கண்டுபிடித்த அமைப்பு இது. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி காரில் இது இடம் பெற்றது. நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800-உம் முன்சக்கரங்களால் ஓடிய வண்டியே.

மூட்டுக்கு உயிர் கிரீஸ். அதற்குக் காவல், பூட் என்னும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. உறை கிழிந்தால், சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறும். மண்ணும் மழைநீரும் உள்ளே புகும். பிறகு குண்டுகள் உருளுவதில்லை, அரைக்கின்றன.

இரண்டாமவர் நம்முடன் வாதாடவில்லை. மூட்டைக் கழற்றித் துடைத்து, "விரலால் தடவிப் பாருங்கள், ஸார்" என்றார். வழவழப்பாக இருக்க வேண்டிய பள்ளத்தில் நகம் தட்டியது. "புதுக் கிரீஸ் போட்டால் சப்தம் சில நாள் அடங்கும். தேய்ந்த இரும்பு வளருமா?" என்றார்.

இதிலிருந்து நாம் அறிந்த விதி எளியது. உறை கிழிந்திருந்தும் சப்தமில்லை, கிரீஸில் மண்ணில்லை, குண்டும் பள்ளமும் வழவழப்பாக உள்ளன என்றால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். சப்தம் எழுந்து பள்ளமும் தேய்ந்துவிட்டால் பழுது பார்ப்பது வீண். சில வண்டிகளுக்கு வெளி மூட்டு மட்டும் தனியே கிடைக்கும். மற்றவை நன்றாக இருந்தால் அது சிக்கனமான நடுவழி. ஆனால், நன்றாயிருக்கும் அசல் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு மட்டமான புதியதை மாட்டுவது சிக்கனமாகாது.

தள்ளிப் போடுவதும் ஆபத்து. ஒரு பக்கத்து மூட்டு முறிந்தால், மறுபக்கம் நன்றாயிருந்தும் சாதாரண வண்டி நகராது. எஞ்சினின் சக்தியெல்லாம் முறிந்த பக்கத்தில் வீணாகும். மேட்டில் கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது. கைப் பிரேக்கே துணை. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் அப்படி நேர்ந்தால்? அந்த எண்ணமே நமது தயக்கத்தைத் தீர்த்தது. இடது ஆக்ஸிலை மாற்றச் சொன்னோம்.

வலது பக்கத்தையும் பார்த்தபோது, அங்கே உறையில் சிறு வெடிப்பு மட்டும் இருந்தது, மூட்டுக்குச் சேதமில்லை. உறையையும் கிரீஸையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. ஆக, இரு மெக்கானிக்குகளின் வைத்தியமும் சரியானதே. ஒன்று இடது சக்கரத்திற்கு, மற்றொன்று வலது சக்கரத்திற்கு!

இப்போது எண்ணெய் மாற்றும்போதெல்லாம் சக்கரத்தை முழுவதும் திருப்பி, டார்ச் விளக்கால் உறைகளைப் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு இரண்டு நிமிஷம் போதும். இடது உறையை அப்படிப் பார்த்திருந்தால் ஓர் ஆக்ஸிலின் விலை நமக்கு மிஞ்சியிருக்கும்.