மிளகும் மிளகாயும்

எனது பெற்றோர் மாத்தளையில் இறப்பர்த் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் கிளிநொச்சிக்குப் போனார்கள். நான் அங்குதான் பிறந்தேன். 2009இல் கணவரை இழந்தேன். முகாமிலிருந்து விடுபட்டதும் இரண்டு பிள்ளைகளோடு பெரியம்மாவின் வீட்டைத் தேடி மாத்தளைக்கு வந்தேன். அவர்கள் போனதும் நான் வந்ததும் அதே ஏ9 வீதியால்தான்.

எனக்குத் தெரிந்தது தமிழ்த் தட்டச்சு மட்டும். நகரில் ஓர் அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் தேவைப்பட்டதால் வேலை கிடைத்தது. கோரல்டிரோவை அங்கேயே பார்த்துப் பழகினேன். முத்துமாரியம்மன் கோயில் தேர்க் காலத்தில் துண்டுப்பிரசுரங்கள் குவியும். மற்ற நாட்களில் கறுவா, கராம்பு, சாதிக்காய், மிளகு எனச் சரக்குப் பொதிகளுக்கான லேபிள்கள்தான். வீட்டிலே அரைத்துப் பொதி செய்யும் பெண்களே அதிகம் வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் அந்தச் சிங்கள அக்கா. கடன் எடுத்து மிளகுத்தூள் தொழில் தொடங்கியிருந்தார். முன்பு வேறொருவருக்குச் செய்த மிளகாய்த்தூள் லேபிளை எடுத்து, சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் மாற்றினேன். தமிழை மாற்ற மறந்துவிட்டேன். மாதிரித் தாளைப் பார்த்து அவர் கையொப்பம் வைத்தார். தமிழுக்கு என்னைத்தானே நம்பியிருந்தார்! ஆயிரம் லேபிள் அடித்தாயிற்று. தமிழ்க் கடைக்காரர் ஒருவர் பொதிகளைத் திருப்பி அனுப்பியபோதுதான் விடயம் தெரிந்தது. மறுபடி அடித்த செலவை மூன்று மாதச் சம்பளத்தில் கட்டினேன். பழைய லேபிளை உரித்துப் புதியதை ஒட்ட இரண்டு இரவுகள் அவர் வீட்டில் இருந்தேன். அவர் ஏசவில்லை. தேநீர் தந்தார். அதுதான் கூடச் சுட்டது.

சகோதரிகளே, இத்தொழிலைப் பழக விரும்பினால் சிலவற்றைச் சொல்கிறேன். பாமினி எழுத்துருவில் செய்த வேலையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். ஆகவே அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளை வளைகோட்டு உருவமாக மாற்ற வேண்டும். மாற்றியபின் பிழை திருத்த முடியாது. திருத்தாத மூலப் பிரதியொன்றை வேறாக வையுங்கள். வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாதிருக்க, பின்னணி நிறத்தைச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் நீட்டி விடுங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் நிறம் கடதாசியில் மங்கும். இதை வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

உணவுப் பொருளென்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபிளுக்கென ஒழுங்குவிதிகள் உண்டு. நிறை, உற்பத்தியாளரின் பெயர், முகவரி, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி இவற்றுக்கு இடம் விட்டுத்தான் பூவும் கொடியும் போட வேண்டும். ஐயமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

எங்கள் நகருக்கு அண்மையில் உள்ள அலுவிகாரையில்தான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்பார்கள். எழுதியதை எத்தனை பேர் திரும்ப வாசித்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். இப்போது நான் ஒவ்வொரு மொழியையும் அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் செய்கிறேன். தமிழை நான் செய்திருந்தால் வேறொருவர்தான் வாசிப்பார்.

அந்த அக்கா இன்றும் எங்களிடமே வருகிறார். மாதிரித் தாளில் 'மிளகுத்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து எண்ணுவார். "நாலு எழுத்துத்தானே, நங்கி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுப்பார்.