‘லைட்டிங்ல கலர் மாறலாம்’னு இனி போட வேண்டாம்... செல்போனிலேயே கடை வீடியோவை பக்காவாக எடுப்பது எப்படி?

ஆன்லைனில் புடவை விற்கும் எந்த வீடியோவைத் திறந்தாலும் கடைசியில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். ‘லைட்டிங் காரணமா கலர் கொஞ்சம் மாறலாம்’. கூடவே இன்னொன்று: ‘பார்சல் ஓப்பனிங் வீடியோ இருந்தால்தான் ரிட்டர்ன்’.

சேலம் இளம்பிள்ளையில் தறி போட்டு நேரடியாக விற்பவர்கள் முதல் வீட்டு ஹாலில் நின்று ரீல்ஸ் போடும் பெண்கள் வரை, இன்று பலருக்கும் கடை என்பதே அந்த ஒரு நிமிட வீடியோதான். வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. வாடாமல்லி கலர் என்று நம்பி வாங்கியவருக்குப் பார்சலில் கத்தரிப்பூ கலர் வந்தால், கூரியர் செலவும் போச்சு, அந்த வாடிக்கையாளரும் போச்சு.

இதற்காக லட்ச ரூபாய் கேமரா வாங்க வேண்டுமா? தேவையில்லை. ஸ்டீவன் சோடர்பெர்க் 2018-ல் வெளியிட்ட ‘அன்சேன்’ என்ற ஹாலிவுட் படமே ஐபோன் 7 பிளஸ்ஸில் எடுக்கப்பட்டதுதான். உங்கள் கையில் இருக்கும் போன் போதும். அதைத் தானாக முடிவெடுக்க விடக்கூடாது, அவ்வளவுதான்.

கலர் ஏன் மாறுகிறது?

செல்போன் கேமரா ஒவ்வொரு நொடியும் இரண்டு விஷயங்களை யூகித்துக்கொண்டே இருக்கும். ஒன்று, வெளிச்சம் எவ்வளவு. இரண்டாவது, அந்த வெளிச்சம் என்ன நிறம். அரக்கு நிறப் புடவையை கேமரா முழுக்க மறைக்கும்படி காட்டினால், ‘ரொம்ப இருட்டா இருக்கே’ என்று போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அரக்கு, செங்கல் கலராகத் தெரியும். மஞ்சள் புடவையை நெருக்கமாகக் காட்டினால், ‘லைட்தான் மஞ்சள் போல’ என்று நினைத்து மஞ்சளைக் குறைத்துவிடும். ஒரே புடவை தூரத்தில் ஒரு கலர், கிட்டத்தில் வேறு கலராகத் தெரிவது இதனால்தான்.

இதற்கு முதல் மருந்து, திரையில் புடவை மேல் விரலை வைத்து சில நொடி அழுத்துவது. பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அப்படியே லாக் ஆகிவிடும். பிறகு சூரியன் போன்ற குறியை மேலே கீழே நகர்த்தி, புடவை நிஜத்தில் எப்படி இருக்கிறதோ அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

நிறத்தை லாக் செய்ய, ஐபோனில் செட்டிங்ஸில் கேமராவுக்குள் ‘ரெக்கார்ட் வீடியோ’ பகுதிக்குப் போனால் ‘லாக் ஒயிட் பேலன்ஸ்’ என்று இருக்கும். ஆண்ட்ராய்டில் ‘புரோ வீடியோ’ மோடு இருந்தால் ஒயிட் பேலன்ஸை 5,500 கெல்வினில் வைத்துத் தொடங்குங்கள். புடவையையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் சற்றே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இந்த வசதி இல்லாத போன் என்றால், பின்னணியில் வெள்ளைச் சுவரோ வெள்ளை வேட்டியோ எப்போதும் தெரியும்படி எடுங்கள். கேமராவுக்கு அது ஒரு அளவுகோல் மாதிரி உதவும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. போனில் கண் பாதுகாப்பு மோடு, அதாவது திரையை மஞ்சளாக்கும் அந்த மோடு ஆனில் இருந்தால், நீங்கள் பார்க்கும் கலரே தப்பு. ஷூட்டிங்குக்கு முன் அதை ஆஃப் பண்ணிவிடுங்கள். முகத்தைப் பளபளப்பாக்கும் பியூட்டி ஃபில்டர் புடவை வீடியோவுக்கு வேண்டவே வேண்டாம். முகத்தோடு சேர்த்து ஜரிகையையும் அது மழுங்கடித்துவிடும்.

ரிங் லைட்டா, ஜன்னலா?

நம் ஓட்டு ஜன்னலுக்குத்தான். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம், காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை கிடைக்கும் வெளிச்சத்துக்குக் கடையில் விற்கும் எந்த ரிங் லைட்டும் ஈடு கிடையாது. ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருக்கக்கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். ஜரிகை மின்னுவதும், துணியின் நெசவு தெரிவதும் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான். நேராக முகத்தில் அடிக்கும் ரிங் லைட்டில் பட்டு கூட பாலியஸ்டர் மாதிரி தட்டையாகத் தெரியும்.

பலர் செய்யும் தவறு, ஜன்னலையும் திறந்து வைத்து, டியூப் லைட்டையும் போட்டு, மஞ்சள் பல்பையும் எரியவிடுவது. மூன்றும் மூன்று நிறம். புடவையின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் அடிக்கும். எடிட்டிங்கில்கூட இதைச் சரிபண்ண முடியாது. ஒரு வகை வெளிச்சம் மட்டும் போதும்.

மயில்கழுத்து கலர் மாதிரி பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்த புடவைகளுக்கு இன்னும் கவனம் தேவை. அது கோணத்துக்குக் கோணம் மாறுவதுதான் அழகே. மடித்து வைத்து ஒரே ஷாட்டில் காட்டினால் பாதி உண்மைதான் தெரியும். கையில் எடுத்து மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். பொடிக்கட்டம் போட்ட புடவையில் திரையில் அலை அலையாக நெளிவது போலத் தெரிந்தால், பயப்பட வேண்டாம். கேமராவை ஓர் அடி முன்னே பின்னே நகர்த்தினால் பெரும்பாலும் போய்விடும்.

வீடியோவில் கருப்புக் கோடு ஓடுகிறதா?

ராத்திரி கடைக்குள் எடுத்த வீடியோவில் மேலிருந்து கீழாகக் கோடுகள் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். போன் ரிப்பேர் இல்லை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய டியூப் லைட்டுகளும் விலை குறைந்த எல்.இ.டி.களும் நொடிக்கு 100 முறை மின்னி மின்னி எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பல போன்கள் நொடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில் எடுப்பதால் இரண்டும் ஒத்துப்போகாமல் கோடாக விழுகிறது.

புரோ மோடில் ஷட்டர் ஸ்பீடை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஐபோனில் அதே ‘ரெக்கார்ட் வீடியோ’ பகுதியில் ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ என்பதை ஆன் செய்தால் நொடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும் வசதி வரும். போனில் புரோ மோடு இல்லாதவர்களுக்கு ‘பிளாக்மேஜிக் கேமரா’ என்ற செயலி இருக்கிறது. ஐபோனுக்கு 2023-லும், குறிப்பிட்ட சில ஆண்ட்ராய்டு போன்களுக்கு 2024-லும் இலவசமாக வந்தது.

4கே-யில் எடுத்தால்தான் தரமா?

அவசியமில்லை. ஐபோனில் 30 ஃபிரேமில் ஒரு நிமிட வீடியோவுக்கு 1080பி என்றால் சுமார் 60 எம்பி, 4கே என்றால் சுமார் 170 எம்பி பிடிக்கும். தினமும் 20 புடவை காட்டுபவருக்கு போன் சீக்கிரமே நிரம்பிவிடும். ரீல்ஸுக்கு 1080பி தாராளம். ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் எச்.டி.ஆர் வீடியோவை ஆஃப் செய்துவிடுவது நல்லது. உங்கள் போனில் ஜொலிக்கும் அந்த வீடியோ, மற்றவர் போனில் வெளிறிப்போய்த் தெரிய வாய்ப்பு உண்டு.

பின்பக்க கேமராவில் எடுங்கள். லென்ஸை ஒருமுறை துடைத்துவிட்டு எடுங்கள், இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பாதி மங்கல் வீடியோக்களுக்குக் காரணம் கைரேகைதான். விரலால் ஜூம் செய்யாமல் நடந்து கிட்டே போங்கள். 0.5 லென்ஸில் பார்டர் வளைந்து தெரியும், அதைத் தவிர்க்கவும். ஒரு டிரைபாட் போதும், கிம்பல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தம்தான் பாதி வியாபாரம்

படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். குரல் கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு அடி தூரத்தில் இருக்கும் போன் உங்கள் குரலோடு ஃபேன், தறிச் சத்தம், தெருவில் போகும் ஹாரன் எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கும்.

காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். மைக்கே இல்லையா? வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து, புடவை மடிப்பில் உரசாதபடி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒருமுறை கை தட்டினால், எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்திவிடலாம். புடவைக் கடைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அடுக்கி வைத்த துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். காலி ஹாலை விட, அலமாரி முன் நின்று பேசினால் குரல் சுத்தமாக இருக்கும்.

பின்னணியில் ஹிட் சினிமாப் பாட்டு போடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். விற்பனைக்கான வீடியோவில் அனுமதி இல்லாமல் பாட்டைப் பயன்படுத்தினால் காப்புரிமைப் பிரச்சினை வரும். வீடியோவின் சத்தம் மொத்தமாக அடைக்கப்படலாம், பேசிய விலையும் சேர்ந்து போய்விடும். யூடியூப் ஆடியோ லைப்ரரியிலும் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனிலும் இலவச இசை நிறையவே இருக்கிறது.

முதல் மூன்று நொடி

‘வணக்கம், நம்ம சேனலுக்கு உங்கள அன்போட வரவேற்கிறேன்’ என்று தொடங்காதீர்கள். முந்தானையைக் காட்டி, என்ன துணி, என்ன விலை என்று முதலில் சொல்லிவிடுங்கள். ‘விலைக்கு டிஎம் பண்ணுங்க’ என்பது பாதிப் பேரை எரிச்சலாக்கும் வேலை. யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை போடலாம் என்றாலும், ஒரு புடவைக்கு அவ்வளவு தேவைப்படாது. செங்குத்தாக எடுக்கும்போது கீழ்ப்பகுதியிலும் வலது ஓரத்திலும் எழுத்து வைக்காதீர்கள், லைக் பட்டனும் கேப்ஷனும் அதை மறைத்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்.டி தரத்தைத் தேர்வு செய்யுங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கி, தெளிவு போய்விடும்.

போடுவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை. எடுத்த வீடியோவை வீட்டிலேயே இருக்கும் வேறொரு போனில், முடிந்தால் விலை குறைந்த ஒன்றில், போட்டுப் பாருங்கள். புடவையைப் பக்கத்தில் பிடித்து, ஷூட்டிங்கில் இல்லாத ஒருவரிடம் ‘ரெண்டும் ஒரே கலரா?’ என்று கேளுங்கள். அவர் யோசித்தால், அந்த வீடியோவை மறுபடி எடுங்கள்.